மறுமொழி: விலைக்குள் இருக்கும் நிலத்துக்கு ஒரு சொல் – காணிக்கூறு

அன்பின் குழுவினருக்கு,

ஒரு வீட்டின் விலையில் நிலத்தின் பெறுமதி எத்தனை பங்கு என்பதைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று மெல்பேர்ன் நண்பர் கேட்டிருந்தார். அதற்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: நிலச்சொத்து விகிதம், காணிப்பங்கு, நிலப்பரப்பு மதிப்பு. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு, குறிப்பாகக் கடைசி இரண்டில். நிலத்தைக் காணி என்றே அழைக்கும் இலங்கை மலையகத்தில் வாழ்கிறவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்லி, என் சொல்லையும் முன்வைக்கிறேன்.

பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் முதலீட்டுக்காக வீடு வாங்குகிறவர்கள் அதன் விலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு. கட்டடம் தேயும் பொருள். அங்கே 1987 செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பின் கட்டத் தொடங்கிய வாடகை வீடுகளின் கட்டுமானச் செலவை ஆண்டுக்கு 2.5 சதவீதமாக 40 ஆண்டுகளுக்கு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நிலத்துக்கு அந்தக் கழிவு கிடையாது, அது தேய்வதில்லை என்பதால். ஆகவே விலையில் நிலம் எத்தனை பங்கு என்பது வாங்குகிறவருக்கு முக்கியமாகிறது.

கணக்குக்காகக் கண்டிப் பக்கத்தில் 40 பேர்ச்சஸ் காணி, பேர்ச் ஒன்று 10 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (பேர்ச் என்பது இலங்கையில் காணியை அளக்கும் அலகு). அதில் பொதுச்சுவரோடு எட்டு வீடுகளை வரிசையாகக் கட்டினால் வீட்டுக்கு 5 பேர்ச்சஸ், அதாவது 50 இலட்சம். வீட்டின் விலை 2 கோடி என்றால் நிலம் அதில் 25 சதவீதம். அதே காணியில் 32 மாடி வீடுகளைக் கட்டினால் ஒவ்வொன்றுக்கும் 1.25 பேர்ச்சஸ், அதாவது 12.5 இலட்சம். விலை 1.25 கோடி என்றால் நிலம் 10 சதவீதம் மட்டும். பத்து ஆண்டுகளில் நிலவிலை இரட்டிப்பாகி, கட்டடத்தின் பெறுமதி கால்வாசி குறைந்தால், வரிசை வீடு 2 கோடி 12.5 இலட்சமாகிறது. மாடி வீடோ ஏறத்தாழ 1 கோடி 9 இலட்சத்துக்கு இறங்குகிறது. நாம் தேடும் சொல் இந்த 25, 10 என்ற எண்களைக் குறிக்க வேண்டும்.

இலங்கைக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துவரக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2022இல் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது சீமெந்தும் கம்பியும் ஏறிய ஏற்றத்தில், கட்டி முடித்த பழைய வீட்டின் ரூபாய் விலையும் கூடவே ஏறியது. கட்டடம் எப்போதும் விலை இறங்கும் என்பது இங்கே பொருந்தாது.

இனிச் சொற்கள். காணிப்பங்கு என்றதும் நம்மவர் நினைப்பது உறுதியில், அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தில், எழுதும் பிரிபடாத பங்கையே: பிரித்து அளக்காமல் பலருக்குப் பொதுவாக இருக்கும் காணியில் ஒருவருக்குள்ள பங்கு. தொடர்மாடி வீடுகளின் உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படியும் வீட்டு உரிமையாளருக்குப் எல்லா வீடுகளுக்கும் பொதுவான பகுதிகளில் இத்தகைய ஒரு பங்கு உண்டு. அது உரிமையைச் சொல்லும் சொல், விலையைச் சொல்வதன்று. அதில் கைவைத்தால், உறுதி எழுதும் நொத்தாரிசின் முன்னால் குழப்பம் வரும். நிலப்பரப்பு மதிப்பு இன்னும் மோசம்: பரப்புக் கூடினால் மதிப்பும் கூடும் என்ற எண்ணத்தைச் சொல்லுக்குள்ளேயே புகுத்திவிடுகிறது. மலையில் அது பொய். உறுதியில் 20 பேர்ச்சஸ் இருக்கும், வீடு கட்ட நான்கு பேர்ச்சஸ்தான் சமமாகக் கிடைக்கும். மிச்சம் சரிவு. தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று தடுத்தால் அந்த நான்கிலும் கட்ட முடியாது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மண் மூடியதைப் பார்த்த பிறகு பரப்பை மட்டும் வைத்து யாராலும் காணியை மதிக்க முடியாது. நுவரெலியா நகருக்குள் இரண்டு பேர்ச்சஸ் வேறு, ஒற்றையடிப் பாதையில் ஏறிப்போகும் இருபது பேர்ச்சஸ் வேறு.

தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான வீடமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று எங்கள் மக்களுக்குக் காலங்காலமாகப் பரப்பைத்தான் சொல்கிறார்கள். தெளிவான உறுதி கையில் வராதவரை அந்த வீட்டை விற்கவும் முடியாது, வங்கியில் ஈடுவைக்கவும் முடியாது. காலடியில் மண் இருந்தும் விலையில் அதன் கூறு வெறுமையாகவே நிற்கிறது. பரப்பையும் விலைக்கூறையும் ஒரே சொல்லால் அழைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

ஆகவே என் பரிந்துரை காணிக்கூறு: ஒரு வீட்டின் மொத்த விலையில் நிலத்தின் பெறுமதி வகிக்கும் சதவீதம். அதன் இணை கட்டடக்கூறு. இரண்டும் சேர்ந்தால் நூறு. "இந்தத் தொடர்வீட்டின் காணிக்கூறு 25 சதவீதம்" என்று எழுதிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது. வீட்டுக்கு ஒதுங்கும் பரப்பைச் சொல்லப் பங்குக்காணி போதும்: "1.25 பேர்ச்சஸ் பங்குக்காணி". வரிசை வீட்டுக்குத் தொடர்வீடு என்றேன். மாடி வீடுகளுக்குத் தொடர்மாடி என்ற சொல் இலங்கையில் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் தொடர்வீடும் தானாகப் புரியும்.

தமிழ்நாட்டு உறுப்பினர் இருவர், காணி என்றால் தங்களுக்கு ஒரு பழைய நில அளவையும் எண்பதில் ஒன்று என்ற பின்னமும் நினைவுக்கு வரும் என்று எழுதியிருந்தார்கள். நியாயம்தான். அவர்கள் நிலக்கூறு என்று எழுதட்டும், அகராதியில் இரண்டையும் இணைச்சொற்களாகத் தருவோம். காணி உறுதி, காணிப் பதிவு என்று அன்றாடம் புழங்கும் இலங்கை வாசகருக்குக் காணிதான் பொருந்தும். காணிக்கூற்றை, காணிக்கூற்றின் என்று உருபேற்கும்போது கூற்று என்பது பேச்சைக் குறிப்பதாக மயங்காதா என்ற கேள்விக்கு, முன்னே காணி நிற்கும்வரை மயக்கம் வராது என்பதே என் பதில்.

வரையறையில் ஓர் இடம்தான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது: அணைச்சுவர். சரிவை வெட்டிக் கருங்கல்லால் சுவர் எழுப்பினால்தான் இங்கே காணி சமமாகிறது. சில இடங்களில் வீட்டுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதியை அந்தச் சுவரே விழுங்கிவிடும். அது நிலத்தை உண்டாக்குவதால் காணிக்கூற்றில் சேர வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். நான் மறுக்கிறேன். சுவர் வெடிக்கும், நீர்வடிகால் அடைபட்டால் முன்னே தள்ளும், பழுதுபார்க்கப் பணம் கேட்கும். தேய்கிற எதுவும் கட்டடக்கூற்றில்தான் சேர வேண்டும். சுவரால் கிடைத்த சமதரையின் சந்தை விலையேற்றம் மட்டும் காணிக்கூற்றில் சேரட்டும்.

குழுவில் உள்ள நில அளவையாளர்களும் விலை மதிப்பீட்டாளர்களும் இந்தப் பிரிப்பு நடைமுறையில் நிற்குமா என்று சொல்லுங்கள். மறுப்பு இல்லையென்றால் மெல்பேர்ன் நண்பர் தம் கையேட்டில் காணிக்கூறு, கட்டடக்கூறு, பங்குக்காணி மூன்றையும் பயன்படுத்தலாம்.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து ஓர் உறுப்பினர்