பள்ளி திறந்ததும் நடக்கும் சங்கக் கூட்டம்: மலைப் பள்ளி ஆசிரியர்களின் அனுபவங்கள்

பந்தலூர் வட்டம், இடைநிலை ஆசிரியை:

பணிநிரவல், அதாவது பிள்ளைகள் குறைந்த பள்ளியில் உபரியாகும் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவது, எங்களில் யாருக்கும் புதிதல்ல. எங்களுடையது தேயிலைத் தோட்டத்துத் தொடக்கப் பள்ளி, மூன்று ஆசிரியர்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு பணியிடம்தான், 61 ஆனால் மூன்றாவது. சென்ற ஆண்டு ஜூலையில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பம் ஒன்று தோட்டக் கூலி கட்டுப்படியாகாமல் திருப்பூருக்குப் போனது. பிள்ளைகள் மூவரும் உடன் போனார்கள். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருந்தவர்கள் 59 பேர்.

இந்த ஜூன் முதல் வாரத்தில் கூடலூரில் எங்கள் சங்கக் கூட்டம் நடந்தது. செயலாளர் முதலில் அகவிலைப்படி பற்றிய நல்ல செய்தியைச் சொன்னார், மண்டபம் கைதட்டியது. அது ஓய்வதற்குள் அதே குரலில் உபரிப் பணியிடப் பட்டியலை வாசிக்கத் தொடங்கிவிட்டார். எங்கள் பள்ளியின் பெயர் காதில் விழுந்தபோது பின்வரிசையில் சிலர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். பணியில் இளையவர் நகர வேண்டும், இளையவள் நான்தான். விதியின் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த ஜூனில் புதிதாக ஆறு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், ஆனால் இடமாறுதல் கலந்தாய்வுக்கு எடுப்பது சென்ற ஆகஸ்ட் கணக்கு. அதைக் கேட்க எழுந்தேன். "அடுத்த பொருளுக்குப் போவோம், டீச்சர்" என்றார் செயலாளர். அந்தக் கைதட்டல் இன்னும் என்னை விடவில்லை.

கொடைக்கானல் மேல்மலை, பட்டதாரி ஆசிரியர்:

எங்கள் கூட்டத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வைத் தவிர வேறு பேச்சே இல்லை. உச்ச நீதிமன்றம் 1.9.2025 அன்று அளித்த தீர்ப்பின்படி, அதில் தேறாமல் பணியில் இருப்பவர்களில் ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குள் இருப்பவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. எங்கள் ஒன்றியத்தில் ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த இரண்டு ஆசிரியைகள் அன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் 1970 ஜூலையில் பிறந்தவர், மற்றவர் அதே ஆண்டு நவம்பரில் பிறந்தவர். ஓய்வு வயது 60 என்று வைத்து வட்டாரத் தலைவர் கணக்குப் போட்டுச் சொன்னபோது மூத்தவர் தப்பித்தார், இளையவர் மாட்டிக்கொண்டார். நான்கு மாத வித்தியாசம்.

அந்த இளையவர் கைப்பையிலிருந்து 150 வினாக்கள் கொண்ட மாதிரித் தேர்வுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அட்டையில் அவருடைய மகளின் பெயர் எழுதியிருந்தது. மகள் தகுதித் தேர்வில் என்றோ தேறிவிட்டாள். நியமனத் தேர்வு, காலிப் பணியிடம் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். வேலை இருக்கும் தாய், வேலை கிடைக்காத மகளிடம் பாடம் கேட்கிறார். இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்தார். எங்களில் ஒருவருக்கும் சிரிக்க வரவில்லை.

கோத்தகிரி, இடைநிலை ஆசிரியர்:

பந்தலூர் சகோதரி செயலாளரைக் குறை சொல்வது போல எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டியல் தயாரிப்பது துறை, சங்கம் அல்ல. அவர் அன்றைக்கு வாசிக்காமல் இருந்திருந்தால் உங்களுக்குக் கலந்தாய்வு நெருங்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

என் அனுபவம் அரசாணை 243 பற்றியது. 2023 டிசம்பரில் அது வரும்வரை பதவி உயர்வுக்கு ஒன்றிய அளவிலான முன்னுரிமைதான். அது மாநில முன்னுரிமையாக மாறியதை, தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் எதிர்த்துப் போராடியதை அனைவரும் அறிவீர்கள். நீலகிரியில் இருப்பதே நான்கு ஒன்றியங்கள். சொந்த ஊர்ப் பக்கத்திலேயே தலைமையாசிரியர் ஆகலாம் என்று காத்திருந்தவன் நான். அதன்பின் வந்த ஜூன் கூட்டத்தில் எதிர்ப்புத் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்தவர் ராமநாதபுரத்துக்காரர். பல ஆண்டுகளாக இந்தக் குளிரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர். அவர் கை மேசையின் மேலேயே இருந்தது. "உங்களுக்கு இங்கே வீடு இருக்கிறது சார், எனக்கு இறங்குவதற்கு இது ஒரு வழி" என்றார் மெதுவாக. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாகக் குறிப்பேட்டில் எழுதினார்கள்.

குந்தா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:

என் உதவியாசிரியர் ஒருவருடைய பணிப்பதிவேட்டில் ஈட்டிய விடுப்புப் பதிவு ஒன்றுக்குக் கையொப்பம் இல்லாமல் போய், ஓய்வூதியக் கோப்பு திரும்பி வந்தது; அந்தக் கோப்பை அவர் என் மேசையில் வைத்த விதம் நினைவிலிருக்கிறது. ஆகவே சில வார்த்தைகள். பந்தலூர் அம்மா, உங்களுடைய ஆறு பிள்ளைகளும், மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதியும் எமிஸ் தளத்தில் உங்கள் பள்ளியின் பெயரில் வந்துவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். முந்தைய பள்ளி அவர்களைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்த பிறகுதான் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும். விடுவிக்காவிட்டால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் கணக்கில் வராது. மழைக்காலத்தில் இணைப்புப் போய்விடும் என்பதால் ஜூலைக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்துமூலம் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையுடன் ஒப்புதல் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் கலந்தாய்வில் நிற்காது.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். சமவெளியிலிருந்து மாறுதலில் வந்தவர்கள், அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் ஜூன் மாத ஊதியச் சீட்டை எடுத்து, மலைப்படியும் குளிர்காலப்படியும் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விட்டுப்போனால் நிலுவையாக வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியக் கணக்குத்தாளை ஆண்டுதோறும் எடுத்து, பிடித்தம் செய்த 10 விழுக்காடு ஒவ்வொரு மாதமும் வரவாகியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். திருமணத்துக்கு முன் கொடுத்த வாரிசு நியமனத்தை மாற்றாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

பந்தலூர் வட்டம், இடைநிலை ஆசிரியை:

ஐயா, நான்கு பேர் வந்துவிட்டார்கள். இருவர் எல்லைக்கு அப்பால் வயநாட்டுப் பள்ளிகளில் படித்தவர்கள், அவர்கள் எமிஸ் தொகுப்பிலேயே இல்லை. கோத்தகிரி சாருக்கு ஒன்று: பட்டியலை ஏன் வாசித்தார் என்று நான் கேட்கவில்லை, என் கேள்வியை ஏன் கேட்கவிடவில்லை என்றுதான் கேட்டேன். கேரளத்திலிருந்து வந்த பிள்ளைகளைப் புதிய பதிவாகச் சேர்த்தவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.