கவுண்டி ஜெயில் சோதனை விதிகள்: யாரை, எப்போது, எந்த அளவுக்குச் சோதிக்கலாம்?

கோடைமழை (கேள்வி)

அமெரிக்கக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஜெயில் ஒன்றுக்கான சோதனை விதிகளைத் திருத்தி எழுதும் வேலை கையில் இருக்கிறது. பழைய வரைவில் இருப்பது ஒரே வரி: "உள்ளே வரும் ஒவ்வொருவரும் முழுச் சோதனைக்கு உட்படுத்தப்படுவார்." முழுச் சோதனை என்றால் என்ன என்று வேறெங்கும் சொல்லவில்லை.

என் சந்தேகங்கள்:

அபராத பாக்கிக்கான வாரண்டில் பிடிபட்டு, சில மணி நேரத்தில் ஜாமீனில் போய்விடக்கூடிய ஒருவரையும் உடையைக் கழற்றச் சொல்லலாமா? 2012-ல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த ஃப்ளோரன்ஸ் தீர்ப்புக்குப் பிறகு எல்லோரையும் அப்படிச் சோதிக்கலாம் என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

இரவு ஷிஃப்டில் பெண் அதிகாரி இல்லையென்றால் என்ன செய்வது?

பாடி ஸ்கேனர் வாங்கிவிட்டால் ஸ்ட்ரிப் சர்ச்சையே (உடை களைந்த சோதனையையே) எடுத்துவிடலாமா?

செல் சோதனைக்கும் இதே விதிகள்தானா, அதற்குத் தனி அத்தியாயம் வேண்டுமா?

மூன்றாம்சாவி

"முழுச் சோதனை" என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். பாதிச் சிக்கல் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. விதியில் நான்கு வகையும் தனித்தனியாக வர வேண்டும்: உடை மேலேயே தடவிப் பார்ப்பது, உடையைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பது, உடல் திறப்புகளைத் தொடாமல் கண்ணால் மட்டும் பார்ப்பது, திறப்புக்குள் விரலோ கருவியோ விட்டுப் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் அனுமதி தருபவர் வேறு, செய்பவர் வேறு, பதிவேடு வேறு.

இன்னொன்று, தமிழில் எல்லாவற்றையும் "சிறை" என்று சொல்லிவிடுகிறோம். கவுண்டி ஜெயில் பெரும்பாலும் ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) கையில் இருப்பது. அங்கே இருப்பவர்களில் கணிசமானோர் விசாரணைக் கைதிகள், இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். மாநிலச் சிறையின் கையேட்டை அப்படியே நகலெடுத்தால் முதல் இடறல் இங்கேதான்.

அடிப்படைத் தீர்ப்பு 1979-ல் வந்த பெல் எதிர் உல்ஃபிஷ். ஒரு சோதனை நியாயமானதா என்று பார்க்க அது நான்கைக் கேட்கிறது: எவ்வளவு தூரம் போனது, எந்த விதத்தில் நடந்தது, எதற்காக, எந்த இடத்தில். ஒவ்வொரு சோதனையையும் பதியும் உங்கள் படிவத்தின் கட்டங்களும் இந்த நான்கையே பின்பற்றினால் போதும்.

ஃப்ளோரன்ஸ் விஷயம். நியூ ஜெர்சியில் 2005-ல் ஆல்பர்ட் ஃப்ளோரன்ஸ் என்பவர் ஒரு பழைய வாரண்டில் பிடிபட்டார். அந்த அபராதத்தை அவர் ஏற்கெனவே கட்டியிருந்தார். கம்ப்யூட்டர் பதிவில்தான் வாரண்ட் நீக்கப்படாமல் கிடந்தது. பர்லிங்டன் கவுண்டி ஜெயிலில் ஆறு நாள், பிறகு எசெக்ஸ் கவுண்டி ஜெயில். இரண்டு இடத்திலும் உடை களைந்த சோதனை. உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், தனிப்பட்ட சந்தேகம் இல்லாமலும் இப்படிச் சோதிக்கலாம் என்றது. ஆனால் அது பேசியது, மற்ற கைதிகளோடு பொதுப் பகுதியில் சேர்க்கப்படப் போகிறவர்களைப் பற்றி. தனியாக வைக்க முடிந்தவர்கள், நீதிபதி முன்னால் இன்னும் கொண்டு போகப்படாதவர்கள் ஆகியோர் விஷயத்தைத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை. நீதிபதி அலிட்டோ தனிக் கருத்தில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். தொட்டுச் செய்யும் சோதனையும் அந்த வழக்கில் பரிசீலிக்கப்படவில்லை.

ஆக, நீங்கள் சொன்ன வாரண்ட் ஆளை புக்கிங் (கைதானவரைப் பதிவு செய்யும்) பகுதியிலேயே தனியாக உட்கார வைத்து ஜாமீனில் அனுப்ப முடியுமானால், ஃப்ளோரன்ஸைக் காட்டித் தப்பிக்க முடியாது.

அதற்கு மேல் மாநிலச் சட்டம் இருக்கிறது. கலிபோர்னியா தண்டனைச் சட்டம் 4030-வது பிரிவைப் பாருங்கள். ஆயுதம், போதைப்பொருள், வன்முறை சம்பந்தப்படாத சிறு குற்றத்துக்காகப் பிடிபட்டவரை, பொதுப் பகுதிக்கு அனுப்பும் முன் உடை களைந்து சோதிக்க, அந்த ஆளைப் பற்றிய குறிப்பான உண்மைகளின் மேல் எழுந்த நியாயமான சந்தேகம் வேண்டும். பணியில் உள்ள மேற்பார்வை அதிகாரியின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும். உடல் திறப்புக்குள் சோதிக்க மாஜிஸ்திரேட் வாரண்டும், செய்வதற்கு மருத்துவப் பணியாளரும் தேவை. வாஷிங்டன் மாநிலத்திலும் திறப்புச் சோதனைக்கு வாரண்ட் கட்டாயம். உங்கள் மாநிலச் சட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஃப்ளோரன்ஸ் மட்டும் படித்துவிட்டு எழுதிய கையேடுகள் அந்த மாநில நீதிமன்றத்தில் நிற்பதில்லை.

இரும்புவாசல்

சட்டத்தை மேலே சொல்லிவிட்டார். செய்முறைக்கு வருகிறேன், வழக்கு வருவதும் ஆள் காயப்படுவதும் இங்கேதான்.

தடவிச் சோதனை: கையை வைக்கும் முன் கேள்வி. "குத்துற மாதிரி, வெட்டுற மாதிரி, ஊசி ஏதாவது உடம்பிலோ பையிலோ இருக்கா?" பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அவரையே பையைக் காலி செய்து, உள்துணியை வெளியே இழுத்துவிடச் சொல்ல வேண்டும். நைட்ரைல் கையுறை ரத்தத்தையும் பொடியையும் தடுக்கும், ஊசியைத் தடுக்காது. அதனால் துணி மேல் கையை வழுக்கிக்கொண்டே போகக் கூடாது. அழுத்தி, எடுத்து, அடுத்த இடம். காலர் மடிப்பு, கைமடிப்பு, இடுப்புப் பட்டையின் தையல், ஷூவுக்குள் இருக்கும் பாதத் தகடு, இவை நான்கும்தான் அவசரத்தில் விட்டுப்போகும் இடங்கள். மாவுக்கட்டு, செயற்கைக் கால், விக் இருந்தால் நர்ஸை அழைத்துத்தான். மதத் தலைத்துணியை நான்கு பேர் பார்க்கும் கவுன்டரில் கழற்றச் சொல்லாதீர்கள். தனியிடத்தில், அதே பாலின அதிகாரி முன், பார்த்ததும் திருப்பிக் கொடுப்பது என்று எழுதுங்கள்.

உடை களைந்த சோதனைக்கு அதே பாலினத்தவர் இருவர்: ஒருவர் பார்ப்பவர், இன்னொருவர் பார்ப்பவரைப் பார்ப்பவர். இரண்டாமவர் எதற்கு என்று பலர் கேட்பார்கள். பின்னால் "தொட்டார்", "கேலி செய்தார்" என்று புகார் வரும்போது அதிகாரிக்கும் கைதிக்கும் அவர்தான் சாட்சி. ஒரு நேரத்தில் ஒரு ஆள் மட்டும். வரிசையாக நிற்க வைத்துச் செய்வது வசதிதான், அதனாலேயே திரும்பத் திரும்ப வழக்காகிறது. கதவில் கண்ணாடி இருந்தால் திரை. தரையில் உலர்ந்த விரிப்பு. மேலுடையைக் கழற்றிப் பார்த்து, அதைத் திருப்பிக் கொடுத்து, பிறகு கீழுடை. முழு நிர்வாணமாக நிற்க வேண்டிய தேவையே வராது. தலைமுடியைக் கோதுவது, வாயைத் திறப்பது, நாக்கைத் தூக்குவது, பாதத்தைக் காட்டுவது எல்லாம் அவரே செய்ய வேண்டும். அதிகாரியின் கை படவே கூடாது. மாதவிடாய் இருந்தால் புதிய நாப்கின் கையிலேயே தயாராக இருக்கட்டும்.

மறுத்தால்? உடனே நாலு பேர் பிடித்து அமுக்குவது கடைசிப் படி. முதலில் மேற்பார்வையாளர், பிறகு தனி செல்லில் நேரடிக் கண்காணிப்பு, நர்ஸின் பேச்சு. பெரும்பாலான மறுப்பு இந்தக் கட்டத்திலேயே அடங்கிவிடும்.

பெண் அதிகாரி பிரச்சினைக்கு: சிறைப் பாலியல் வன்முறைத் தடுப்புச் சட்டம் 2003, அதன் விதிகள் 2012. எதிர்ப்பாலினத்தவர் உடை களைந்து சோதிப்பது, மருத்துவப் பணியாளர் தவிர, அவசர நிலையில் மட்டுமே. பெண் கைதியை ஆண் அதிகாரி தடவிச் சோதிப்பதும் அப்படியே. அவசர நிலை என்பதற்கு விதியிலேயே விளக்கம் இருக்கிறது: தற்காலிகமான, எதிர்பாராத, உடனே செயல்பட்டாக வேண்டிய அச்சுறுத்தல். வாரத்தில் மூன்று இரவு ஆள் இல்லை என்றால் அதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? அது ரோஸ்டர் கோளாறு. ஆள் இல்லை என்பதற்காகப் பெண் கைதிகளை வகுப்புக்கோ வெளி நடைக்கோ விடாமல் செல்லிலேயே அடைப்பதும் அதே விதியில் தடை. எனவே விதியில் "கூப்பிட்டால் வரும் பெண் அதிகாரி" ஏற்பாட்டைப் பெயர்ப்பட்டியலோடு எழுதுங்கள். எதிர்ப்பாலினச் சோதனை நடந்துவிட்டால் அது பதிவாக வேண்டும்.

கோடைமழை

நன்றிங்க இருவருக்கும். ஸ்கேனர் பற்றி யாராவது சொல்லுங்கள். விற்பனையாளர் "இனி உடையைத் தொடவே வேண்டாம்" என்கிறார்.

கதிரலை

விற்பனையாளர் அப்படித்தான் சொல்வார். ஜெயில்களில் வைப்பது பெரும்பாலும் உடலை ஊடுருவிப் போகும் எக்ஸ்ரே வகை. மெட்டல் டிடெக்டர் பிளாஸ்டிக் பொட்டலத்தைக் காட்டாது, இது காட்டும். ஆனால் படத்தைப் படிப்பது மனிதர். குடலில் உள்ள வாயுவும் சாப்பாடும் பொட்டலம் போலத் தெரியும். தட்டையாக ஒட்டிய மெல்லிய துண்டு தெரியாமலே போகும். பயிற்சி இல்லாதவரை உட்கார வைத்தால் இரண்டு பக்கமும் தவறும்.

கதிர்வீச்சுக் கணக்கை விதியிலேயே போடுங்கள். ஆட்களை ஸ்கேன் செய்யும் எக்ஸ்ரே கருவிகளுக்கான அமெரிக்கத் தரம் என்43.17 சொல்வது: பொதுப் பயன்பாட்டுக் கருவி ஒரு ஸ்கேனுக்கு 0.25 மைக்ரோசீவர்ட்டுக்குள் (கதிர்வீச்சு அளவின் அலகு), வரையறுத்த பயன்பாட்டுக் கருவி 10 மைக்ரோசீவர்ட்டுக்குள், ஒருவருக்கு ஒரே இடத்தில் 12 மாதத்துக்கு மொத்தம் 250. இரண்டாவது வகையை உச்ச அளவில் ஓட்டினால் 25 ஸ்கேனில் வருட ஒதுக்கீடு முடிந்தது. தினமும் வெளிவேலைக்குப் போய்வரும் கைதிக்கு ஒரு மாதத்திலேயே முடிந்துவிடும். ஆள்வாரியாக எண்ணிக்கை வைக்கும் மென்பொருள் இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு மாற்று வழியும் எழுதுங்கள்.

ஸ்கேனில் ஏதோ தெரிந்தால் அது அடுத்த படிக்கான சந்தேகம், அவ்வளவுதான். விரல் விடும் அனுமதி அதிலிருந்து வராது. எதையும் கழுவிவிட முடியாதபடி தண்ணீர் வரத்தை நிறுத்திய கழிப்பறை உள்ள தனி செல்லில் கண்காணிப்பு, கூடவே மருத்துவப் பார்வை. விழுங்கிய பொட்டலம் உள்ளே உடைந்தால் உயிர் போகும். மயக்கம், மூச்சு மந்தம் கண்டால் நேராக ஆம்புலன்ஸ் என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

செல் சோதனைக்குத் தனி அத்தியாயம் கட்டாயம். 1984-ல் ஒரே நாளில் வந்த இரண்டு தீர்ப்புகள்: ஹட்சன் எதிர் பால்மர், செல்லுக்குள் கைதிக்கு அந்தரங்க உரிமை இல்லை என்றது, பிளாக் எதிர் ரதர்ஃபோர்ட், விசாரணைக் கைதிகள் இல்லாத நேரத்திலும் செல்லைச் சோதிக்கலாம் என்றது. அதற்காகக் கைதியின் வழக்குக் காகிதங்களை உட்கார்ந்து படிக்கலாம் என்று அர்த்தமில்லை. பக்கங்களைப் புரட்டி, இடையில் ஒன்றும் இல்லை என்று பார்த்து, அதே வரிசையில் வைக்க வேண்டும். வக்கீல் கடிதத்தைக் கைதி முன்னால் திறப்பது 1974-ன் உல்ஃப் எதிர் மெக்டானல் தீர்ப்பு ஏற்றுக்கொண்ட முறை.

நடைமுறையில் அதிகம் மறக்கப்படுவது காலி செல். புதிய ஆளை விடும் முன் செல்லைச் சோதித்துக் கையெழுத்துப் போடாவிட்டால், அடுத்த வாரம் மெத்தைக்குள் பிளேடு கிடைத்தாலும் அது யாருடையது என்று சொல்ல வழியில்லை. ஒழுங்கு நடவடிக்கை அங்கேயே விழுந்துவிடும்.

மூன்றாம்சாவி

படிவம் பற்றி ஒன்று. அனுமதி தந்த நேரம், சோதனை தொடங்கிய நேரம், படிவம் எழுதிய நேரம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். ஒரே கட்டம் இருந்தால் முடிந்த பிறகு வாங்கிய கையெழுத்தும் முன் அனுமதி போலத் தெரியும். காரணக் கட்டத்தில் டிக் அடிக்கும் பெட்டி வேண்டாம். "பாதுகாப்பு காரணம்" என்ற பெட்டி இருந்தால் எல்லோரும் அதையே டிக் அடிப்பார்கள். வெற்று வரி விடுங்கள்; என்ன பார்த்தார், என்ன கேட்டார் என்று அதிகாரி கையால் எழுதட்டும். எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் "ஒன்றுமில்லை" என்று எழுத வேண்டும், காலியாக விடக் கூடாது.

கலிபோர்னியாவில் சோதிக்கப்பட்டவர் கேட்டால் இந்தப் பதிவைக் காட்ட வேண்டும். யாரோ ஒருநாள் கேட்பார் என்று வைத்துக்கொண்டே கோப்பு எங்கே இருக்கும் என்பதையும் விதியில் எழுதிவிடுங்கள்.