உலர்பழ ஜாம்: பேரீச்சை கல்லாக இறுகுகிறது, ஆப்ரிகாட் பூசணம் பூக்கிறது, எங்கே தவறு?

கீழக்கரை அடுப்படி:

பேரீச்சை, காய்ந்த அத்தி, ஆப்ரிகாட் மூன்றும் கால் கிலோ கால் கிலோவாக இருக்கின்றன. சபர் (வெளிநாட்டுப் பயணம்) முடிந்து வருகிறவர்கள் கொண்டுவந்தவை. ஒரு தடவைக்கு இரண்டு சின்ன பாட்டில் வந்தால் போதும். ஜாமை உறைய வைக்கும் பெக்டின் தூள் வேண்டாம்.

முதலில் பேரீச்சை: விதை நீக்கியது 250 கிராம், சீனி 250 கிராம், கிணற்றுத் தண்ணீர் ஒரு டம்ளர் (200 மில்லி), அரை எலுமிச்சை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 40 நிமிடம் கிண்டினேன். மறுநாள் கரண்டி இறங்கவில்லை. ஒரு வாரத்தில் ஓரமெல்லாம் நறநறவென்று சீனி. அதே முறையில் ஆப்ரிகாட் செய்ததில் பழம் தோல் தோலாக நின்றது, பத்தாம் நாள் மேலே பூசணம். எதை மாற்ற வேண்டும்? சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா?

தொண்டிக்கரை:

உங்கள் பேரீச்சைக் கணக்கை அப்படியே போட்டுப் பார்ப்போம். ஜாம் கெடாமலும் இறுகாமலும் நிற்க, அதில் கரைந்திருக்கும் இனிப்பும் மற்றவையும் சேர்ந்து 65 சதவீதம் இருக்க வேண்டும். கடை ஜாமுக்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் கேட்கும் அளவும் அதுதான். 250 கிராம் பேரீச்சையில் கரையக்கூடியது சுமார் 175 கிராம். சீனி 250. ஆக 425. இதை 0.65-ஆல் வகுத்தால் 650 கிராம். சட்டியில் நீங்கள் போட்ட மொத்தமே எலுமிச்சைச் சாறோடு சேர்த்துச் சுமார் 715 கிராம்தான். அதாவது வற்ற வேண்டிய தண்ணீர் வெறும் 65 கிராம், ஐந்தாறு நிமிட வேலை. 40 நிமிடம் கிண்டியதில் ஜாம் பதத்தைத் தாண்டி மிட்டாய்ப் பதத்துக்குப் போய்விட்டது. அவ்வளவு அடர்ந்த பாகில் சீனி திரும்பவும் படிகமாகத்தான் செய்யும்.

பச்சைப் பழ ஜாமில் பழத்தின் நீரை வற்ற வைக்கிறோம். காய்ந்த பழத்தில் அந்த வேலையை வெயில் ஏற்கனவே முடித்துவிட்டது. நாம் நீரைத் திருப்பிக் கொடுத்து, பழத்தை முழுக்கக் குழைய வைத்து, சரியான எடையில் நிறுத்த வேண்டும். அதனால் இதற்குத் தராசுதான் முக்கியம். வெறும் சட்டியின் எடையை முதலிலேயே எழுதி வையுங்கள்.

பேரீச்சைக்கு நான் சொல்லும் அளவு: பழம் 250 கிராம், கொதிக்கும் தண்ணீர் 300 மில்லி, சீனி 100 கிராம் போதும், எலுமிச்சைச் சாறு 40 மில்லி (நடுத்தரப் பழம் இரண்டு). பழத்தைச் சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊற விட்டு, அதே நீரில் மூடி போட்டு 10 நிமிடம் வேக விடுங்கள். ஆறிய பிறகு மிக்சியில் அரைக்கலாம். சூடாக அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். பிறகு சீனி சேர்த்து, அடிகனமான எவர்சில்வர் சட்டியில் சிறு தீயில் கிண்டி, சாற்றைக் கடைசி ஐந்து நிமிடத்தில் விடுங்கள். சட்டி எடை போக 420 முதல் 430 கிராம் வந்ததும் இறக்குங்கள். சூட்டில் கொஞ்சம் இளக்கமாகத்தான் தெரியும், பயந்து இன்னும் வற்ற விடாதீர்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

பேரீச்சையில் வெப்பமானியை நம்ப முடியாது. கூழ் அடியில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் ஒரு சூடு காட்டும். ஆப்ரிகாட்டுக்கு அது நன்றாக உதவும், பதம் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ். மலை ஊர்க் குறிப்புகளில் 98 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அங்கே தண்ணீர் 93-லேயே கொதித்துவிடும். கடல்மட்டத்தில் இருக்கும் நமக்கு 105 சரி.

பாம்பன் காற்று:

ஆப்ரிகாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். தோல் நின்றதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, சீனியையும் எலுமிச்சையையும் முதலிலேயே போட்டது. இவை இரண்டும் பழம் குழைவதைத் தடுக்கும். சீனி விழுந்த பிறகு எவ்வளவு வேக வைத்தாலும் தோல் இளகாது. இரண்டாவது, கிணற்றுத் தண்ணீர். நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்போடு கடினத்தன்மையும் அதிகம். அதிலுள்ள கால்சியம் பழத்தின் பெக்டினைப் பிணைத்து இறுக்கிவிடும். பருப்பு வேகாத தண்ணீரில் உலர்பழமும் வேகாது. போதாததற்கு அந்த நீரிலுள்ள காரத்தன்மை (புளிப்பை முறிக்கும் தன்மை) எலுமிச்சைப் புளிப்பையும் கொஞ்சம் தின்றுவிடும். காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள்.

பழம் 200 கிராம், தண்ணீர் 600 மில்லி, 10 முதல் 12 மணி நேரம். ஊறப்போட்டதை ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் வெக்கையில் இரவு முழுக்க வெளியே இருந்தால் காலையில் நுரைத்துப் புளித்த வாடை வரும், அதை வைத்து ஜாம் செய்யக் கூடாது. ஊறிய நீரிலேயே மூடி போட்டு 20 முதல் 25 நிமிடம் வேக விட்டு, விரலிடையில் ஒரு துண்டை நசுக்கிப் பாருங்கள். தோலும் சேர்ந்து மசிந்தால்தான் சீனி. சீனி 250 கிராம், கரைந்த பின் சாறு 30 மில்லி, பிறகு தீயைக் கூட்டிக் கொதிக்க விடலாம். ஆப்ரிகாட்டில் பெக்டின் போதுமான அளவு உண்டு, தானாகவே உறையும். முடிவு எடை 570 முதல் 580 கிராம். 200 மில்லி பாட்டிலில் 250 கிராம் அளவுக்குப் பிடிக்கும், இரண்டு பாட்டில் போக ஒரு கிண்ணம் மிஞ்சும்.

பளீரென்ற ஆரஞ்சு நிறமென்றால் அது கந்தக டையாக்சைடு புகை காட்டிய பழம். கழுவி, மூடியைத் திறந்து ஒரு கொதி விட்டால் அது ஓரளவு போய்விடும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா இருக்கிற வீட்டில் கந்தகம் காட்டாத பழுப்பு நிறப் பழமே வாங்க வேண்டும்.

பூசணத்துக்கு வருவோம். பெரும்பாலும் ஆறிய ஜாமை ஈர பாட்டிலில் அடைத்ததுதான் காரணம். பாட்டிலை 10 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, சூடாக இருக்கும்போதே 85 டிகிரிக்குக் குறையாத ஜாமை ஊற்றி, மேலே கால் அங்குலம் விட்டு, விளிம்பைத் துடைத்து உடனே மூடுங்கள். துணியால் பாட்டிலின் உட்புறத்தைத் துடைக்க வேண்டாம். பழைய தகர மூடியைத் திரும்பப் போடவே கூடாது. உப்புக் காற்றில் மூடியின் உள் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடித்திருக்கும், அந்த வழியாகக் காற்று புகும். பூசணம் வந்த பாட்டிலில் மேலே மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், முழுவதையும் கொட்டுங்கள்.

சாயல்குடி பனை:

கருப்பட்டி போடலாம், ஆனால் பேரீச்சைக்கு மட்டும். ஆப்ரிகாட்டில் போட்டால் நிறமும் போகும், அதன் தனிப் புளிப்பும் மறைந்துவிடும்.

முழுக்க மாற்றாமல் 100 கிராம் சீனியில் பாதியை மட்டும் மாற்றுங்கள். பதநீர் இறக்கும் கலயத்தில் புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவுவோம். அதில் கொஞ்சம் கருப்பட்டியிலும் இருக்கும். சுண்ணாம்பு எலுமிச்சைப் புளிப்பை முறிக்கும், பழத்தையும் விறைக்க வைக்கும். ஆகவே பழம் முழுதாக மசிந்த பிறகுதான் கருப்பட்டி, சாறும் 10 மில்லி கூடுதலாக. 50 கிராம் கருப்பட்டியைத் தட்டி 50 மில்லி நீரில் ஒரு கொதி விட்டுத் துணியில் வடிகட்டுங்கள், அடியில் மண் தங்கும். முடிவு எடை மாறாது.

பேரீச்சையும் அத்தியும் புளிப்பு மிகக் குறைந்த பழங்கள். பி.எச். தாள் (புளிப்பை அளக்கும் தாள்) கிடைத்தால் 4-க்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். இனிப்பைக் குறைக்கிறேன் என்று சீனியையும் குறைத்து, தண்ணீரையும் வற்ற விடாமல் செய்கிற ஜாமை வெளியில் வைக்கவே வேண்டாம். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிட வேண்டும்.

கீழக்கரை அடுப்படி:

கணக்கு இப்போது புரிகிறது. இறுகிப்போன பேரீச்சை பாட்டில் இன்னும் இருக்கிறது, அதை மீட்க முடியுமா? அத்திக்கு அளவு என்ன?

தொண்டிக்கரை:

கருகல் வாடை இல்லையென்றால் மீட்கலாம். பாட்டிலைச் சுடுநீரில் நிறுத்தி இளக வைத்து, ஜாமைச் சட்டிக்கு மாற்றி நிறுங்கள். 250 கிராமுக்கு 50 மில்லி சுடுநீர், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சிறு தீயில் படிகம் முழுக்கக் கரையும் வரை கிண்டி, ஒரு கொதி வந்ததும் நிறுத்துங்கள். ஒரு படிகம் மிஞ்சினாலும் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பப் பூக்கும், சட்டி ஓரத்தையும் வழித்து உள்ளே தள்ளுங்கள்.

அத்திக்கு 250 கிராம் பழம், 500 மில்லி தண்ணீர், 150 கிராம் சீனி, 40 மில்லி சாறு. காம்பைக் கிள்ளிவிட்டு ஒவ்வொன்றையும் கீறிப் பாருங்கள், உள்ளே பூச்சி ஒளிந்திருக்கும். குக்கரில் இரண்டு விசில் விட்டால் தோல் மசியும். பெக்டின் குறைவென்பதால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளிச் சுருக்கம் விழுகிறதா என்று பார்க்கிற சோதனை இதற்குச் சரிவராது. கரண்டியால் சட்டியின் அடியில் கோடு இழுத்தால் இரண்டு நொடி மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம்.