கதை வட்டத்தில் ஒலிப்பதிவு: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நூலக அறை ஒன்றில் மாதம் ஒரு முறை கதை வட்டம் நடத்துகிறோம். பெரியவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசுவார்கள். இளையவர்கள் கேட்டு, அப்புறம் அதைப் படமாக வரைவார்கள்.

சிக்கல் ஒலிப்பதிவில்தான். போன முறை ஒரு அம்மா துணியில் சுற்றிய தையல் கத்தரிக்கோலோடு வந்தார். கைப்பிடி தேய்ந்து பளபளத்தது. ரெக்கார்டரை வைத்ததும் இரண்டே வரியில் முடித்துவிட்டார். அணைத்த பிறகு அரை மணி நேரம் பேசினார். அந்தக் கதை பதிவில் இல்லையே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2003-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் (StoryCorps) என்ற வாழ்க்கைக் கதை ஒலிப்பதிவுத் திட்டத்தின் முறையில், நன்கு பழகிய இருவர் சுமார் 40 நிமிடம் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எங்களுக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது. யாராவது சிறிய அளவில் செய்து பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்று, ஒப்புதல் படிவம். பேசியவர் பின்னால் மனம் மாறினால் பதிவை நீக்கச் சொல்லலாம் என்பதை எப்படி எழுதுகிறீர்கள்? எளிய தமிழில் மாதிரி இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வாய்மொழியாகவே ஒப்புதல் வாங்கிப் பதிவு செய்தவர்களும் சொல்லுங்கள். அடுத்த வட்டத்துக்கு அந்த அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.