தோளுக்குச் சரியானால் இடுப்பில் பிடிக்கிறது: எந்த அளவை வாங்குவது?

கேள்வி (திருகோணமலை நகர்):

வணக்கம். நான் ஆசிரியை, வயது 38. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு என் உடம்பின் மேற்பாதி ஓர் அளவிலும் கீழ்ப்பாதி இன்னோர் அளவிலும் இருக்கிறது. மார்பு 36 அங்குலம், இடை 31, இடுப்பு 43; தோள் குறுகல். பாடசாலைக்குச் சேலையே உடுத்துவதால் பகலில் பிரச்சினை தெரிவதில்லை. மாலை வகுப்புக்கும் பயணங்களுக்கும் குர்தா தேடிக் கடைக்குப் போனால்தான் தொல்லை. மீடியம் எடுத்தால் தோள் கச்சிதமாக இருக்கிறது, ஆனால் துணி இடுப்பில் ஏறி நின்று மடிகிறது. எக்ஸ்எல் எடுத்தால் இடுப்பு சரிவருகிறது, தோள் தையலோ புயத்தில் தொங்குகிறது. போன மாதம் தைக்கக் கொடுத்த சட்டையும், பிள்ளையைத் தூக்கக் கையை உயர்த்தினால், முழுவதுமாக மேலே ஏறிவிடுகிறது. என் போன்ற உடலுக்குப் 'பேரிக்காய்' என்று பெயராம். இருண்ட நிறத்தைக் கீழே அணியுங்கள் என்பதற்கு மேல் உதவியான ஆலோசனை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தோளைப் பார்த்து வாங்குவதா, இடுப்பைப் பார்த்து வாங்குவதா? ஆவணியில் தங்கைக்குத் திருமணம். அதற்கு எத்தகைய சேலை பொருந்தும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1 (உப்புவெளி, தையல் தொழில்):

தங்கச்சி, பழத்தின் பெயரை விடுங்கள். உங்கள் நான்கு அளவுகளே போதும். உடம்பின் மிகப் பெரிய பகுதிக்குப் பொருந்துவதை வாங்கி மற்றவற்றைப் பிடித்துத் தைப்பதுதான் பொதுவான வழி, ஆனால் பக்கவெட்டு உள்ள குர்தாவுக்கு அது பொருந்தாது. எக்ஸ்எல்லில் தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையைக் கழற்றி, தோளை வெட்டி, கைக்குழியைத் திரும்ப வரைந்து, கையை மறுபடி பொருத்த வேண்டும். அந்த வேலைக்குப் புதுச்சட்டையே தைத்துவிடலாம். ஆகவே தோளுக்கும் மார்புக்கும் சரியான மீடியத்தை வாங்கி, பக்கவெட்டை 2 அங்குலம் மேலே ஏற்றுங்கள். இடுப்பு அகலமாகும் இடத்துக்குச் சற்று மேலேயே வெட்டு திறந்துவிட்டால், துணி இறுகாமல் இரண்டு பக்கமும் தானாக விரிந்து விழும். வெட்டு முடியும் இடத்தில் நாலைந்து தடவை கெட்டித்தையல் போடச் சொல்லுங்கள். அங்கேதான் முதலில் கிழியும். பக்கவெட்டு இல்லாத நீளச் சட்டையென்றால், இடையிலிருந்து கலி, அதாவது மேலே ஒடுங்கிக் கீழே அகலும் துண்டு, வைத்து விரியும்படி தைப்பிக்க வேண்டும்.

கை தூக்கினால் சட்டை ஏறுவது கைக்குழியின் குற்றம். கைக்குழியைத் தாழ்த்தினால் வசதி என்று பலர் கேட்டு வாங்குகிறார்கள், உண்மை அதற்கு நேரெதிர். குழி கமக்கட்டிலிருந்து எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அவ்வளவு தூரம் கையும் உடம்புத் துணியும் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும். கை எழும்பும்போது உடம்புத் துணியையும் இழுத்துக்கொண்டே எழும்பும். தைத்து முடிந்த சட்டையில் குழியை உயர்த்த முடியாது. கமக்கட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துச் சமாளிக்கலாம். அடுத்த முறை அளவு பார்க்கப் போகும்போது தையற்காரியின் முன்னாலேயே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திப் பாருங்கள். பருத்தித் துணியையும் அதன் லைனிங்கையும் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவிடுங்கள். லைனிங் தனியாகச் சுருங்கினால் மேல்துணியையும் சுருட்டிவிடும். பக்கத்தையலின் உள்ளே வழக்கத்தைவிட அரை அங்குலம் துணி கூடுதலாக விடச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்திலும் முன்னும் பின்னுமாக நான்கு ஓரங்கள் இருப்பதால், பின்னாளில் 2 அங்குலம் விரிக்கலாம்.

பதில் 2 (நிலாவெளி வீதி):

எனக்கு இடுப்பும் கால்களும் ஒடுக்கம். வயிறுதான் முன்னே நிற்கிறது. பல வருடங்களாக என் சட்டைகளின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட உயர்ந்தே நின்றது, நானும் அதற்கு என் உடம்பையே குறைசொல்லிக்கொண்டிருந்தேன். வயிற்றின் மேல் ஏறி இறங்கும் துணிக்குக் கூடுதல் நீளம் வேண்டும் என்பது ஒரு தையற்காரி முன்பக்கத்தை மட்டும் ஓர் அங்குலம் நீட்டி வெட்டிய பிறகுதான் விளங்கியது. அளவை உட்கார்ந்தும் எடுக்கும்படி கேளுங்கள். நிற்கும்போது சரியாக இருப்பது பேருந்தில் அமர்ந்ததும் வயிற்றை வெட்டும். கறுப்பு மெலிவாகக் காட்டும் என்று நம்பி ஒரு வைகாசி முழுவதும் கறுப்பே உடுத்தேன். மெலிந்ததாக யாரும் சொல்லவில்லை, வியர்த்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பதில் 3 (கிண்ணியா):

நாங்கள் அணியும் அபாயா தளர்வானது, ஆகவே அளவு முக்கியமில்லை என்று எண்ணுவார்கள். அதிலும் தோள்தான் முக்கியம், சகோதரி. தோள் எலும்பின் முடிவில் தையல் நின்றால் மீதித் துணி முழுவதும் நேராக விழுகிறது; தோள் வழிந்தால் எவ்வளவு விலையுள்ள துணியும் இரவல் வாங்கியது போலத் தெரிகிறது.

பதில் 4 (மீண்டும் உப்புவெளி):

சேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கஞ்சி போட்ட பருத்தியும் மொறமொறப்பான பட்டும் இடுப்பில் கூடாரம் போல எழுந்து நிற்கும்; மெல்லிய சிபோனோ, ஆவணியிலும் ஓயாத நம் கச்சான் காற்றில், உடம்போடு ஒட்டிவிடும். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில், மான்களைப் பார்ப்பதா முந்தானையைப் பிடிப்பதா என்று தெரியாமல் நிற்கும் பெண்களை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! கொஞ்சம் பாரமுள்ள கிரேப் அல்லது மென்பட்டு உங்களுக்குப் பொருந்தும். அதைவிட உள்பாவாடையைக் கவனியுங்கள். நாடா போட்டுச் சுருக்கிய பாவாடை இடையில் ஒரு வளையம் போலத் திரளும். ஆறு துண்டாக வெட்டி, இடையில் தட்டையாகவும் கீழே விரிந்தும் இருப்பதைத் தைப்பித்து, அதன் மேல் சேலையை உடுத்துப் பாருங்கள். சேலைக்கு அணியும் சட்டையின் கை மார்பின் மட்டத்தில் முடிந்தால் அந்த இடம் அகலமாகத் தெரியும். மார்பு பெரியவர்கள் அதைத் தவிர்ப்பார்கள், உங்களுக்கோ மேலும் கீழும் சமப்பட அதுவே உதவும். குறுகிய தோளுக்கு அகலக் கழுத்து வழுகும், ஆகவே பின்னால் ஒரு கயிறு வைக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. மீடியம் குர்தா ஒன்றின் பக்கவெட்டை நானே அவிழ்த்து ஏற்றினேன். இடுப்பில் இப்போது துணி தாராளமாக விழுகிறது. 2 அங்குலம் என்றதை 3 ஆக்கிவிட்டதால் லெகிங்ஸோடு அணிய இயலவில்லை, தளர்ந்த சல்வாரோடுதான் அணிகிறேன். உள்பாவாடைத் துணியை இன்று நனைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.