ரப்பிள் பைல்: கற்குவியலா, உதிரித்திரளா?

மார்த்தாண்டத்திலிருந்து:

டீச்சர், நொறுங்கிய துண்டுகள் தம் ஈர்ப்பால் மட்டும் சேர்ந்து நிற்கும் விண்பொருளை ஆங்கிலத்தில் 'ரப்பிள் பைல்' என்கிறார்கள். பிள்ளைகளுக்கான நம் குறிப்பில் அதற்குத் தமிழ்ச்சொல்லாக, "கற்குவியல் போதும், பிள்ளைகளுக்குப் புரியும்" என்கிறீர்கள். புரிவதுதான் சிக்கல். நம்ம மாவட்டத்துப் பிள்ளைக்குக் கற்குவியல் என்றால் குவாரி வாசலில் லாரிக்குக் கிடக்கும் முக்கால் இஞ்சு ஜல்லிதான் கண்ணில் வரும். நாம் பேசுவதில் வீடு அளவு பாறையும் உண்டு, தூசியும் உண்டு. நாகர்கோவில் அண்ணாச்சி சொன்ன "சரல்கோள்" என்ற பெயர் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதிலும் அதே கோளாறு. சரல் என்றால் பொடிக்கல்.

சில்வியாவையே எடுத்துக்கொள்வோம். 1866 மே 16 அன்று சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டுபிடித்த சிறுகோள், வரிசை எண் 87. (ஆசியாவிலிருந்து முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளும் அவருடையதே, 1861இல். பெயரும் 'ஆசியா'தான். நம் குறிப்பில் இதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.) செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, முதன்மைப் பட்டையின் வெளிப்பகுதியில் சுற்றுகிறது. குறுக்களவு சுமார் 270 கிலோமீட்டர். 2001இல் ஒரு நிலவு தெரிந்தது, 2004இல் எடுத்த படங்களில் இன்னொன்று: ரோமுலஸ், ரெமஸ். இரண்டு நிலவு உண்டென்று முதலில் அறியப்பட்ட சிறுகோள் இதுதான். நிலவு எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரிந்தால் நடுவில் இருப்பதன் நிறை வந்துவிடும். பருமனால் வகுத்தால் அடர்த்தி. 2005இல் வந்த விடை கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம் சொச்சம், தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கருங்கல் 2.7 வரும். அதனால்தான் உள்ளே ஏகப்பட்ட இடைவெளி என்றார்கள்: மோதலில் நொறுங்கிய துண்டுகள் தம் ஈர்ப்பாலேயே மறுபடி சேர்ந்து நிற்கின்றன, ஒட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை.

ஆகவே பெயரில் வர வேண்டியது கல்லின் அளவு அல்ல, கட்டப்படாத தன்மை. அதற்கு "உதிரி" இருக்கிறது. தோவாளைச் சந்தையில் கட்டின பூ வேறு, உதிரிப்பூ வேறு. பென்னு சிறுகோளை 2020 அக்டோபரில் நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் கை நீட்டித் தொட்டபோது தரை தாங்கவேயில்லை. கிட்டத்தட்ட அரை மீட்டர் உள்ளே போய்விட்டது. இதைவிட உதிரி வேறென்ன இருக்கிறது? என் பரிந்துரை: உதிரிக்கோள்.

தக்கலையிலிருந்து:

உதிரி சரி, கோள் சரியில்லை. வால்விண்மீனும் இப்படி இருக்கலாமே, அதையும் கோள் என்பீர்களா? அப்புறம், உதிரிக்கோள் என்றதும் பையன்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத்தான் நினைப்பார்கள். குவியலைத் தள்ள நீங்கள் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது: குவியலுக்குக் கீழே தரை வேண்டும். இங்கே தரையே கிடையாது. எல்லாப் பக்கமிருந்தும் நடுவை நோக்கி இழுபட்டுச் சேர்ந்தது. அது திரள். "உதிரித்திரள்" என்று போடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், டீச்சர். "சில்வியா ஓர் உதிரித்திரள் எனக் கருதப்பட்டது." "பெரிய உதிரித்திரள் ஒன்று சுமார் 2.2 மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் ஒரு சுற்றுச் சுழன்றால் துண்டுகள் பிய்த்துக்கொண்டு போய்விடும்." எங்கும் இடறவில்லை. கடை ஞாபகமும் வரவில்லை. (சில்வியா ஒரு சுற்றுக்கு 5 மணி 11 நிமிடம் எடுக்கிறது, பயமில்லை.) அண்ணாச்சிக்குச் சம்மதமென்றால் இதையே எழுதிவிடுகிறேன். அந்த 2.2 மணி எல்லைக்கும் சொல் வேண்டும். இப்போதைக்கு "சுழல்வரம்பு" என்று வைத்திருக்கிறேன்.