டொமினோ டாம்ஸல் புது மீனை ஓட ஓட விரட்டுகிறது, என்ன செய்யலாம்?

எச்எஸ்ஆர் உப்புத்தண்ணி:
வணக்கம். பெங்களூரு, 4 அடி ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), சம்ப்பையும் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்த்தால் 300 லிட்டர் சொச்சம். லைவ் ராக் (நுண்ணுயிர் குடியிருக்கும் பாறை) 25 கிலோ, சாலினிட்டி (உப்பு அளவு) 1.025, அமோனியா, நைட்ரைட் பூஜ்யம். ஓசெல்லாரிஸ் க்ளவுன் மீன் ஜோடியும், சைக்கிளிங்குக்காக (புது டேங்கில் கழிவை முறிக்கும் பாக்டீரியா வளர) விட்ட டொமினோ டாம்ஸலும் (இப்போது 3 அங்குலம்) இருக்கின்றன. நேற்று ராயல் கிராமா என்ற மீனை விட்டேன். டொமினோ அதை ஓவர்ஃப்ளோ (தண்ணீர் சம்ப்புக்கு வழியும் இடம்) மூலையிலேயே முடக்கி வைத்திருக்கிறது, வால் ஓரம் கிழிந்திருக்கிறது. பாறைகளைக் கலைத்து அடுக்கினால் சரியாகுமா? சின்ன க்ளவுன் பெரியதன் முன்னால் உடம்பை உதறுகிறதே, அதுவும் சண்டையா? அடுத்து சிக்ஸ் லைன் ராஸ், யெல்லோ டாங் மீன்களை விட ஆசை.

அல்சூர் ரீஃப்:
க்ளவுன் உதறுவது சண்டை இல்லை சார். "நீதான் பெரிசு, நான் அடங்கிட்டேன்" என்று பெரியதாக இருக்கும் பெண்ணிடம் சொல்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து படபடவென்று நடுங்கும். உதறிய பிறகும் பெரியது கடித்துத் துடுப்பு கிழிந்தால் மட்டும் பிரியுங்கள்.

டொமினோதான் பிரச்சினை. முதலில் வந்ததால் மொத்த டேங்கும் தன்னுடையது என்று நினைக்கிறது. நெற்றியிலும் இரண்டு விலாவிலும் வெள்ளைப் புள்ளியோடு குட்டியில் அழகாக இருக்கும், வளர்ந்தால் 5 அங்குலம் வரை வரும், குணமும் கூடவே வளரும். பாறையைக் கலைத்தால் இரண்டு மூன்று நாள் குழம்பும், பிறகு புது எல்லை போட்டுவிட்டுப் பழையபடி ஆரம்பிக்கும். அடியில் தங்கிய அழுக்கு கிளம்பி அமோனியா ஏறினால் அது தனித் தலைவலி.

இன்றைக்கே கிராமாவை அக்ரிலிக் பெட்டிக்கு மாற்றுங்கள். 12x6x6 அங்குலம் போதும். எல்லாப் பக்கமும் 6 மி.மீ. துளை, மேலே மூடி (கிராமா குதிக்கும்), உள்ளே ஒளிய ஒரு பிவிசி எல்போ (வளைந்த குழாய்த் துண்டு). நீரோட்டம் படும் இடத்தில் டேங்க் விளிம்பில் மாட்டுங்கள். கரண்ட் போனால் பெட்டிக்குள் தண்ணீர் அசையாது, பேட்டரி ஏர் பம்ப்பின் கல்லை அதனருகே போடுங்கள். வால் ஓரம் மட்டும் கிழிந்திருந்தால் தானாக ஆறும். சதை வெளுத்தாலோ, தீனியைத் தொடாமல் வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ தனி டேங்க்தான். அடிபட்ட மீனில் உப்புத்தூள் மாதிரி வெள்ளைப் புள்ளி வருகிறதா என்று தினமும் பாருங்கள். வந்தால் செம்பு மருந்து தனி டேங்கில் மட்டும். மெயின் டேங்கில் ஊற்றினால் இறால், பவளம் எல்லாம் போய்விடும்.

வைட்ஃபீல்ட் வேவ்மேக்கர்:
பெட்டி சரி, ஆனால் கிராமாவை அடைத்து வைத்து டொமினோவைச் சுதந்திரமாக விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அடிக்கிறவனைத்தான் அடைக்கணும். பெட்டியில் டொமினோ ஒரு வாரம் இருந்தால், வெளியே கிராமா தனக்கென்று ஒரு பொந்து பிடித்துவிடும்.

வலையோடு துரத்தாதீங்க, பாறை சரியும். 2 லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, வாய் டொமினோ தாராளமாக நுழையும் அகலம் வருமாறு நறுக்கி, தலைகீழாக உள்ளே செருகுங்க. பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டை, கழுத்தில் நைலான் கயிறு. ஒரு நாள் பட்டினி போட்டு உள்ளே மைசிஸ் (குட்டி இறால் தீனி) வையுங்க. டாம்ஸல் பேராசைக்காரன், பெரும்பாலும் முதலில் அதுதான் நுழையும். நுழைந்ததும் கயிற்றை இழுத்து நிமிர்த்துங்க.

அல்சூர் ரீஃப்:
டொமினோ பிடிபட்டால் அதை அடைப்பதுதான் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். பிடிபடும்வரை கிராமா பெட்டியில் இருக்கட்டும்.

ஃப்ரேசர் டவுன் கடல்:
சிக்ஸ் லைனை இப்போது வாங்க வேண்டாம். டொமினோ போய் அதனிடத்தில் இது உட்காரும். விட்டே ஆகணும் என்றால் எல்லாவற்றுக்கும் கடைசியில், அதன்பிறகு வேறு ராஸ், சின்ன கோபி மீன் எதையும் யோசிக்காதீர்கள். யெல்லோ டாங்குக்கு 4 அடி என்பது குறைந்தபட்சம். வால் அடியில் கத்தி மாதிரி முள் இருக்கிறது, அதனிடம் அடிபட்டால் துடுப்போடு நிற்காது. டாங் வந்தபின் அதே உருவத்தில் இன்னொன்று சேர்க்காதீர்கள்.

எச்எஸ்ஆர் உப்புத்தண்ணி:
நன்றி நண்பர்களே. டொமினோவைப் பெட்டியிலிருந்து வெளியே விடச் சரியான நேரம் எது? டேங்கில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டினால் உதவுமா?

வைட்ஃபீல்ட் வேவ்மேக்கர்:
டொமினோ பெட்டிச் சுவரில் முட்டுவதை நிறுத்தி ஒரு முழு நாள் ஆனதும், வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கு அணைந்த பிறகு விடுங்க. மறுநாள் காலை டேங்கில் கிராமாவின் பொந்துக்கு எதிர்ப்பக்க வெளிச்சுவரில் கண்ணாடி ஒட்டினால் டொமினோ தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டும். இரண்டு நாளில் எடுத்துடுங்க. அப்புறமும் அடித்தால் பாட்டிலை மறுபடி இறக்கி, இந்த முறை கடைக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. பணம் எதிர்பார்க்காதீங்க.